போனில் பணம் கட்டினால் அது எப்படிப் போகிறது? இனி ரொக்கமே தேவையில்லையா?

நோட்டு கைமாறினால் கணக்கு அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். போனில் கட்டும்போது நகர்வது பணம் அல்ல, தகவல்தான். ‘இவர் கணக்கில் கழி, அவர் கணக்கில் கூட்டு’ என்ற உத்தரவு இருவரின் வங்கிகளுக்கும் போகிறது. வங்கிகள் தங்களுக்குள்ள பாக்கியைப் பல சமயம் பிறகுதான், மொத்தமாக, மத்திய வங்கியில் உள்ள கணக்குகள் வழியே நேர் செய்துகொள்கின்றன.

இது ஸ்மார்ட்போனோடு பிறந்ததென்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. கென்யாவில் 2007-ல் தொடங்கிய எம்-பெசா என்ற போன்வழிப் பணச் சேவை சாதாரண பட்டன் போனிலேயே ஓடியது. வங்கிக் கணக்குகூட வேண்டியதில்லை. கியூஆர் கோடு இன்னும் பழசு. 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கியது அது. பணம் வாங்க அது இவ்வளவு தோதாக அமைந்ததற்குக் காரணம், விற்பவருக்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை, அச்சடித்த ஒரு தாள் போதும். சில்லறைத் தகராறும் ஒழிந்தது!

சரி, ரொக்கம்? என்னைக் கேட்டால் கொஞ்சம் வைத்திருங்கள். மின்சாரம், சிக்னல், பேட்டரி, வங்கியின் சர்வர் என்று இதில் எது படுத்தாலும் போனில் பணம் கட்டுவது நின்றுவிடும். நோட்டுக்கு அந்தக் கவலை இல்லை. யாரிடம் என்ன வாங்கினீர்கள் என்ற பதிவும் அதில் மிஞ்சாது. அப்புறம், பர்ஸ் இளைப்பது கண்ணுக்குத் தெரிவதால் கையும் கொஞ்சம் இறுகும். மாதக் கடைசியில் திண்டாடுபவர்கள் செலவுக்கு மட்டுமாவது ரொக்கத்தை எடுத்து வைத்துப் பார்க்கலாம்.