குரோமிஸ் மீனின் விலாவில் சிவந்த புண்: செம்பு மருந்து ஏன் கேட்கவில்லை?

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் என் கடல்நீர்த் தொட்டியில் ஆறு நீலப்பச்சை குரோமிஸ் மீன்களை விட்டேன். ஒன்றின் விலாவில் செதில் உதிர்ந்து, இரத்தம் கட்டியதுபோல் சிவந்து, இரண்டே நாளில் அது இறந்துவிட்டது. இப்போது இன்னொன்றுக்கும் அப்படியே வந்திருக்கிறது. வெண்புள்ளி நோய் என்று கடையில் செம்பு மருந்து கொடுத்தார்கள். தனித் தொட்டியில் வைத்து மருந்திட்டும் புண் பரவுகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் விவரிப்பது வெண்புள்ளி நோய் அன்று. கிரிப்டோகாரியான் என்னும் ஒட்டுண்ணியால் வரும் அந்த நோயில், உப்பைத் தூவியதுபோல் தனித்தனி வெண்புள்ளிகள் துடுப்பிலும் உடலிலும் தெரியும். இப்படிச் செதில் உதிர்ந்து சதை சிவப்பதில்லை. புள்ளிகள் மாவுபோல் மிக நுண்ணியவையாக இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால், அது அமைலோடினியம் என்ற வேறோர் ஒட்டுண்ணி. இவ்விரண்டுக்கும் செம்பு சரியான மருந்துதான். துடுப்பின் ஓரத்தில் காலிஃபிளவர் போன்ற கட்டி எழுந்தால் அது லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். அதற்கு மருந்து இல்லை, நல்ல நீரும் நல்ல தீனியும் இருந்தால் பெரும்பாலும் தானே மறையும்.

புதிதாக வாங்கிய குரோமிஸ், விலாவில் சிவந்த புண், சில நாளில் சாவு: இம்மூன்றும் சேர்ந்தால் என் முதல் ஐயம் யூரோனீமா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் மீதுதான். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்துப் பாருங்கள். சக மீன் கடித்த காயமாக இருந்தால் விளிம்பு தெளிவாக இருக்கும், நாளுக்கு நாள் ஆறும். யூரோனீமாவாக இருந்தால், செதில் இன்னும் உதிராத இடத்திலும் அடியில் சிவப்பு படர்ந்திருக்கும். பாக்டீரியாப் புண்ணும் இதே தோற்றம் தரக்கூடும் என்பதால், புண்ணின் ஓரத்தைக் கண்ணாடிச் சில்லால் மெல்லச் சுரண்டி, நுண்ணோக்கியில் 100 மடங்கு பெருக்கிப் பார்ப்பதே உறுதியான வழி. நீர்த்துளி வடிவில் விரைந்து ஓடும் உயிரிகள் தெரிந்தால் ஐயம் தீர்ந்தது. மீன்நோய் அறிந்த கால்நடை மருத்துவர் இதைச் சில நிமிடங்களில் செய்துவிடுவார்.

யூரோனீமா தோலோடு நிற்பதில்லை. தசைக்குள்ளும் சிறுநீரகம் வரையிலும் புகுந்துவிடும். நீரில் கரைந்த செம்பு அதன் மீது வேலை செய்வதில்லை. உப்படர்த்தியைக் குறைப்பதாலும் அது சாகாது. ஆகவே செம்பு கலந்த நீரை முழுவதும் மாற்றிவிட்டு ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) குளியலுக்கு வாருங்கள். தொட்டியின் அதே வெப்பமும் உப்படர்த்தியும் கொண்ட 10 லிட்டர் தூய கடல்நீரில், 37 சதவீத ஃபார்மலின் 1.5 மில்லி கலந்து, காற்றுக்குழாயை வேகமாக ஓடவிட்டு, 30 முதல் 45 நிமிடம் மீனை வைக்க வேண்டும். ஃபார்மலின் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கும். எனவே அருகிலிருந்து அகலாதீர்கள், மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை செய்யலாம். புட்டியின் அடியில் வெண்படிவு இருந்தால் அந்த ஃபார்மலினைத் தொடவே கூடாது, அது மீனுக்குக் கொடிய நஞ்சு. எந்த ஃபார்மலினும் உங்களுக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் மட்டுமே கையாளுங்கள். மீன் இன்னும் தீனி எடுக்கிறதென்றால், மெட்ரோனிடசோல் என்ற மருந்து கலந்த தீனியும் உதவும். அளவை மருத்துவர் சொல்லட்டும்.

வருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். புண் வெளியே தெரியும்போதே நோய் சதைக்குள் இறங்கியிருக்கும், அந்த மீன் பிழைப்பது அரிது. உங்கள் முயற்சி பெரிதும் பயன்படப்போவது இன்னும் புண் தெரியாத நான்கு மீன்களுக்குத்தான். அவற்றையும் இன்றே பிரித்து அதே குளியலைக் கொடுங்கள்.

பெரிய தொட்டியை மீனின்றி வெறுமையாக வைப்பது வெண்புள்ளிக்குப் பயன்படும், இதற்குப் பயன்படாது. யூரோனீமா மீன் இல்லாமலேயே பாக்டீரியாவைத் தின்று வாழும். மணலில் தங்கும் கழிவை உறிஞ்சி எடுங்கள், மீந்த தீனியை விடாதீர்கள். செம்பையும் ஃபார்மலினையும் அந்தத் தொட்டியில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம்; பவளமும் இறாலும் மடியும். அடுத்த முறை கடையில் ஒரே ஒரு குரோமிஸின் விலாவில் சிவப்பு தெரிந்தாலும், அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். வாங்கியவற்றை 30 நாள் தனித்து வைத்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.