முதல் ஆளுக்குச் சம்பளம்: பாளையங்கோட்டைத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது: "அண்ணாச்சி, ஜன்னல் துடைக்கிற வேலை ஒரு ஆளுக்கு மேல் போய்விட்டது. தென்காசிப் பையன் ஒருவன் இங்கே இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்கிறான். வசூலில் 40 சதவீதம், என் வீட்டிலேயே ரூம், சாப்பாடு என்று பேசி செல்ஃப் எம்ப்ளாய்டாக, அதாவது அவனே சொந்தத் தொழில் செய்கிற மாதிரி, போட்டுக்கொள்ளலாமா? ஜன்னல் துடைக்கிற நீளக் கம்பு எங்கே வாங்கலாம்? நோட்டீஸ் அடித்தால் ஆட்கள் வருவார்களா?"

கடைசி இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன். கம்பைக் கையில் தூக்கிப் பார்த்து லேசாக இருப்பதை வாங்குங்கள். நோட்டீஸ் நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போகும். துடைத்து முடித்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டால் போதும். அந்தப் பையன் சம்பளம் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். அவன் இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

2004 ஜனவரியில் இங்கிலாந்துக்கு வந்தேன். வீட்டுக்காரி நர்ஸ். விசா அவளுக்கு, நான் கூட ஒட்டிக்கொண்டு வந்தவன். அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவனுக்கு ரெடிங்கில் யார் வேலை வைத்திருக்கிறார்கள்? நம் பக்கத்துக்காரர் ஒருவர் ஜன்னல் துடைக்கும் ரவுண்டு வைத்திருந்தார். பெயர் எதற்கு, இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார். ரவுண்டு என்றால் நம்மூர்ப் பால்காரர் லைன் மாதிரிதான். தெருத்தெருவாக வாடிக்கை வீடுகள், மாதம் ஒரு தடவை. அப்போது ஏணியும் வாளியும் ரப்பர் வைப்பரும்தான். காலையில் வாளிக்குள் வெந்நீர் ஊற்றிக்கொண்டு கிளம்புவோம். மூன்றாவது வீட்டுக்குள் அது ஐஸ் தண்ணீராகிவிடும். ஈரத்துணியைக் கண்ணாடியில் வைத்து இழுத்தால் இழுத்த தடம் அப்படியே உறைந்து நிற்கும். அதை நகத்தால் சுரண்டியிருக்கிறேன்.

ஒன்பது மணி நேரம் முடிந்ததும் வேனுக்குள்ளேயே 25 பவுண்டை எண்ணிக் கையில் வைப்பார். "ஊர்க் கணக்குக்கு ரெண்டாயிரம் ரூவாலே" என்பார். எனக்கும் வாயெல்லாம் பல். அன்றைக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 4.50 பவுண்டு, ஆக 40.50 வந்திருக்க வேண்டும் என்பது எட்டு மாதம் கழித்து நூலகச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தபோதுதான் தெரிந்தது. மழை பெய்தால் கூலி கிடையாது. ஆனால் மழை விடும் வரை வேனுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதே மனுஷர் பொங்கல் விழாவில் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு "தமிழனுக்குத் தமிழன் கை கொடுக்கணும்" என்று மைக்கில் பேசினார். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். மாணவர் விசாவில் இருப்பவன் செல்ஃப் எம்ப்ளாய்டாக வேலை செய்யவே கூடாது. அது அவன் விசா நிபந்தனை. நீங்கள் காகிதத்தில் அப்படி எழுதினால் மாட்டிக்கொள்வது முதலில் அவன்தான். ஆளாக வைத்துக்கொண்டாலும், பட்டப்படிப்பு படிப்பவன் என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான், அதுவும் எல்லா வேலையும் சேர்த்து. ராத்திரி எங்காவது சிக்கன் கடையில் நிற்கிறானா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். வேலைக்கு எடுக்கும் முன் அவனிடம் ஷேர் கோடு (வேலை செய்யும் உரிமையைக் காட்டும் எண்) வாங்கி அரசுத் தளத்தில் சரிபார்த்து அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். உரிமை இல்லாத ஆளை வைத்துக்கொண்டால் 2024 பிப்ரவரியிலிருந்து முதல் தடவைக்கே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். உங்கள் வேனை விற்றாலும் அதில் பாதி தேறாது.

விசா பிரச்சினை இல்லாத ஆளாக இருந்தாலும் இந்த செல்ஃப் எம்ப்ளாய்டு தந்திரம் செல்லாது. வேன் உங்களுடையது, கம்பு உங்களுடையது, வாடிக்கை உங்களுடையது, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வதும் நீங்கள். பிறகு அவன் எப்படி சொந்தத் தொழில்காரன்? இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் பீடிக்கடைதான் ஞாபகம் வந்தது. நான் முக்கூடல். எங்கள் அம்மா பீடி சுற்றித்தான் எங்கள் மூன்று பேரையும் வளர்த்தாள். 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென்றே சட்டம் வந்தது. வந்ததும் அதிலிருந்து தப்பவும் வழி கண்டுபிடித்தார்கள். இலையையும் தூளையும் அந்தப் பெண்ணுக்கு "விற்றதாக" எழுதுவது, சுற்றிய பீடியை அவளிடம் "வாங்கியதாக" எழுதுவது. அவள் வேலைக்காரி இல்லையாம், வியாபாரியாம்! மடியில் சுளகு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வியாபாரி.

வசூலில் பங்கு என்பதும் அந்த வழிதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் இலையை நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, தகடு வைத்துக் கத்தரித்து, சுற்றியதைக் கட்டி, கடைக்கு நடந்து, வரிசையில் நின்று, கணக்கப்பிள்ளை நாலைந்தை எடுத்து நசுக்கிப் பார்த்துக் கழித்தது போக மிச்சத்துக்குத்தான் காசு. இலை வெட்டுகிற நேரத்துக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. உங்கள் பையனுக்கும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு வேனில் போகிற நேரம், தண்ணீர் நிரப்புகிற நேரம், வீட்டுக்காரர் கேட்டைத் திறக்கக் காத்திருக்கிற நேரம் இதெல்லாம் இருக்கிறது. இந்த ஊர்ச் சட்டத்தில் அதெல்லாம் வேலை நேரம். அவன் தன் வீட்டிலிருந்து காலையில் முதல் வீட்டுக்கு வருவது மட்டும் சேராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் வசூல் 160 பவுண்டு என்றால் 40 சதவீதம் 64. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 8 பவுண்டு. 21 வயது நிறைந்தவருக்கு 2026 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சம் மணிக்கு 12.71. எட்டு மணிக்கு 101.68. இதன் மேல் ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மணிக்கணக்கு ஆட்களுக்கு அதை 12.07 சதவீதம் என்று போடுவார்கள், 12 பவுண்டு சொச்சம். ஆக ஒரு நாளைக்கு 114 பவுண்டு, டீசலும் இன்சூரன்ஸும் தனி. நாளுக்கு 200 பவுண்டு ரவுண்டு கையில் சேரும் வரை ஆள் எடுக்காதீர்கள் என்பது என் கட்சி. தாங்கவில்லை என்றால் ஆள் வேண்டாம், விலையை ஏற்றுங்கள். நம்மவர்கள் வீட்டுக்கு இரண்டு பவுண்டு குறைத்தே ரவுண்டு பிடிக்கிறார்கள், அப்புறம் அந்த இரண்டு பவுண்டை வேலைக்கு வந்தவன் வயிற்றிலிருந்து எடுக்கிறார்கள்.

ரூம், சாப்பாடு என்றீர்கள். அது நம் அண்ணாச்சிக் கடைப் பழக்கம். ஊரிலிருந்து பையனைக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டுக் கடையிலேயே படுக்க வைத்து, சம்பளத்தை முதலாளியே வைத்திருந்து ஊருக்குப் போகும்போது மொத்தமாகக் கொடுப்பது. அப்படி வளர்ந்து கடை வைத்தவர்களும் உண்டு, குறை சொல்லவில்லை. இங்கே அது நடக்காது. தங்குமிடத்துக்கு நாளுக்கு ஒரு சிறு தொகை மட்டும் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் கழிக்கலாம். சாப்பாட்டுக்கு ஒரு காசு கழிக்க முடியாது. உங்கள் வீட்டம்மா சொதி வைத்து உருளைக்கிழங்கு வறுத்துப் போட்டாலும் அது விருந்துதான், சம்பளம் ஆகாது.

காகித வேலையைக் கண்டு எல்லாரும் மிரளுவார்கள். அவ்வளவு இல்லை. முதல் சம்பள நாளுக்கு முன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யில் முதலாளியாகப் பதிந்து, ஒவ்வொரு சம்பளத்தின்போதும் கணக்கு அனுப்ப வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவென்றால் அவர்களே இலவசமாக மென்பொருள் தருகிறார்கள். வேலை நிபந்தனைகளை எழுத்தில் முதல் நாளே கொடுக்க வேண்டும். 22 வயதாகி ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் வந்தால் பென்ஷனும் பிடித்து உங்கள் பங்கும் போட வேண்டும். ஆள் விழுந்தால் நஷ்டஈடு கொடுக்கிற முதலாளிப் பொறுப்பு இன்சூரன்ஸ், குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு, அவன் முதல் நாள் வரும் முன்பே கையில் இருக்க வேண்டும். இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம்.

என் முதல் ஆள் 2011-இல், ஒரு போலந்துக்காரர். அதற்குள் நான் ஏணியை விட்டுத் தண்ணீர் ஏறும் கம்புக்கு மாறியிருந்தேன். இந்த ஊர்த் தண்ணீர் சுண்ணாம்பு. கெட்டிலைத் திறந்து பார்த்தால் வெள்ளைப் படலம், குளித்தால் தலைமுடி விறகு. தாமிரபரணியில் முங்கி எழுந்தவனுக்கு அது பெரிய துக்கம். அந்தத் தண்ணீரை, உப்பு அளக்கிற மீட்டரில் பூஜ்யம் காட்டும் வரை வடிகட்டிக் கண்ணாடியில் அடித்தால் துடைக்கவே வேண்டாம், கறை இல்லாமல் காயும். இதை நானே படித்துக் கற்றுக்கொண்டேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பேசி, மழை நாளில் கூலி கிடையாது என்று முடித்துவிட்டு வந்து வீட்டில் பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்காரி ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நீங்க பீடிக்கடை கணக்கப்பிள்ளை மாதிரில்லா பேசுதிய" என்றாள், ஷூவை மாட்டிக்கொண்டே. அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டு மணிக்கு ஏழரை பவுண்டு, வேன் ஏறியதிலிருந்து இறங்கும் வரை, மழையில் உட்கார வைத்தால் அதற்கும் என்று மாற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் பெரிதாகச் சிரிக்கவில்லை. "பேஸ்லிப் வெள்ளிக்கிழமையா?" என்று சம்பளச் சீட்டைப் பற்றி மட்டும் கேட்டார். ஒன்பது வருஷம் இருந்தார்.

2013 கோடையில் அம்மா வந்திருந்தாள். கோடை என்றுதான் பெயர், ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்திருந்தாள். சமையலறை மேஜையில் அந்தப் போலந்துக்காரருடைய பேஸ்லிப் கிடந்தது. எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அம்மா பாதி நாள் பக்கத்து வீட்டு அக்காவின் பீடிக்கடைப் பாஸ்புக்கில்தான் பீடி கொடுத்தாள். அதனால் பிராவிடண்ட் ஃபண்டு வந்தபோது அந்த வருஷங்களெல்லாம் அக்கா பேரிலேயே போய்விட்டன.

"ஏல, இதுல அவன் பேரு எங்கன இருக்கு?"

காட்டினேன். அந்த எழுத்து மேல் விரலை வைத்துக்கொண்டே, "முழுப் பேரும் போட்டிருக்கியா? இனிஷியலோட?" என்றாள்.