பழைய நைட் விஷன் கருவியைத் தனியாரிடம் வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

விலையில் பெரும்பகுதி உள்ளே இருக்கும், மங்கலான ஒளியைப் பெருக்கிக் காட்டும் இன்டென்சிஃபையர் டியூபுக்குத்தான். உறையில் கீறல் இருந்தால் இருக்கட்டும். டியூபின் சீரியல் எண்ணும் டேட்டா ஷீட்டில் (அந்த டியூபின் சோதனை அளவுகள் உள்ள தாள்) உள்ள எண்ணும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். ஷீட் இல்லையென்றால் 'ஜென் 3' (மூன்றாம் தலைமுறை டியூப்) என்பது வெறும் வாய்ச்சொல்.

அடுத்தது இருட்டறை. லென்ஸ் மூடியோடு ஆன் செய்யுங்கள். அப்போதும் அணையாமல் மின்னும் புள்ளி தெரிந்தால் அது எமிஷன் பாயிண்ட் என்ற டியூப் பழுது, வாங்காதீர்கள். மூடியைக் கழற்றி, மங்கலான வெளிச்சத்தில் வெறுஞ்சுவரைப் பாருங்கள். ஓரத்தில் பிறை போல இருள் கவிந்திருந்தால் டியூப் தேய்கிறது என்று அர்த்தம். சின்னக் கரும்புள்ளிகள் மச்சம் மாதிரி, பெரும்பாலும் வளராது. பேரம் பேச உதவும். பகலில் மூடியின் ஊசித்துளை வழியாக மட்டுமே சோதிக்கலாம்.

நேரில் போக முடியாவிட்டால், அன்றைய தேதி எழுதிய தாளுடன் கருவியின் படமும், ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் முனை) வழியாக எடுத்த படமும் கேளுங்கள். பணத்தை எஸ்க்ரோவில் (பொருள் கைக்கு வரும்வரை பணத்தை வைத்திருக்கும் மூன்றாம் தரப்பு) போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் ஏற்றுமதி உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.