அடக்கப் பாட்டின் மெட்டு

ஐயா, வணக்கம்.

எங்கள் பங்கின் பாடகர் குழுவில் பதினைந்து ஆண்டுகளாகப் பாடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்காக ‘ஓ கம், ஓ கம், இம்மானுவேல்’ (வாரும், வாரும், இம்மானுவேலே) பாட்டை ஒத்திகை பார்த்தோம். ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் பாதியில் நிறுத்திவிட்டார். “அடக்கப் பூசைக்குப் பாடுவதுபோல் இருக்கிறது, ‘சைலண்ட் நைட்’ பாடுங்கள்” என்றார். ஐரோப்பாவில் இதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெரியவரின் காதுக்கு என் வணக்கம். அது அடக்கப் பாட்டின் மெட்டுதான்.

1850களில் இங்கிலாந்தில் தாமஸ் ஹெல்மோர் என்ற பாதிரியார் இந்த மெட்டை அச்சிட்டபோது, லிஸ்பன் நூலகத்திலுள்ள பிரெஞ்சுப் பூசைப் புத்தகம் ஒன்றிலிருந்து கிடைத்ததாகக் குறிப்பிட்டார். அந்தப் புத்தகம் வேறு யார் கண்ணிலும் படவில்லை. அவரே இட்டுக்கட்டியிருப்பார் என்றுகூடச் சந்தேகித்தார்கள். 1966இல் மேரி பெர்ரி என்ற கன்னியாஸ்திரி, இசை ஆய்வாளரும்கூட, பாரிஸ் தேசிய நூலகத்தில் 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் இந்த மெட்டைக் கண்டுபிடித்தார். அடக்கத்துக்குப் பவனியாகச் செல்லும்போது பாடும் பாடல் அது. பிரான்சிஸ்கன் சகோதரிகளுக்காக எழுதப்பட்ட பிரதியாக இருக்கலாம் என்கிறார்கள். பிரதியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு குரல்களுக்கான இசை. பாடையின் பின்னே மெல்ல நடக்கும் கால்களுக்கு ஏற்ற மெட்டு என்பதால்தான் உங்கள் பெரியவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது.

சொற்களின் வேர் இன்னும் பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, டிசம்பர் 17 முதல் 23 வரை, மாலை மன்றாட்டில் மரியாவின் பாடலுக்கு முன்னால் நாளுக்கொரு லத்தீன் விளி பாடப்படுகிறது. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசே, இம்மானுவேலே. லத்தீனில் இந்த ஏழின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் ‘ஏரோ க்ராஸ்’ என்று வரும். ‘நாளை இருப்பேன்’ என்று பொருள். கடைசி விளி 23ஆம் தேதி மாலை. மறுநாள் இரவு பிறப்பு! திட்டமிட்டுச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. எனக்கு அது மெய்சிலிர்க்க வைக்கிறது.

இந்த விளிகளிலிருந்து உருவான லத்தீன் பாட்டு, அதாவது நீங்கள் பாடும் பாட்டின் மூலம், 1710இல் கொலோன் நகரில் அச்சேறியது. அதன் பல்லவியில் ‘நாஸ்கேத்துர்’ என்று ஒரு சொல் வருகிறது. ‘பிறப்பார்’ என்று எதிர்காலம். ‘சைலண்ட் நைட்’டின் ஜெர்மன் மூலமோ ‘மீட்பர் வந்துவிட்டார்’ என்கிறது. 1818 டிசம்பர் 24 அன்று ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஆஸ்திரிய ஊரில், கிட்டாரோடு முதன்முதலாகப் பாடப்பட்ட பாட்டு அது. அந்த இரவுக்கே உரியது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறிலேயே ‘வந்துவிட்டார்’ என்று பாடிவிட்டால், அந்த நான்கு வாரங்கள் எதற்கு?

நீங்கள் இந்தப் பாட்டைப் பாடத்தான் வேண்டும். ஆர்மோனியம் இல்லாமல் ஒற்றைக் குரலில் தொடங்குங்கள். பல்லவியில் ‘மகிழ்வாய்’ என்று மெட்டு மேலே ஏறும் இடத்தில் மட்டும் எல்லோரும் சேருங்கள், வேகம் கூட்டாமல். பெரியவரிடம் பாரிஸ் ஏட்டின் கதையைச் சொல்லுங்கள். 24ஆம் தேதி இரவு அவரே ‘சைலண்ட் நைட்’டைத் தொடங்கிவைக்கட்டும்.

அன்புடன்.