பாதிப் பணம் வெட்டு!

கேள்வி: அயர்லாந்தில் பெண்களுக்கு சீட்டு கொடுக்காத கட்சிக்கு அரசுப் பணம் பாதி போய்விடுமாமே, நிஜமா?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: நிஜம்தான். 2012இல் சட்டம் போட்டார்கள், 2016 பொதுத் தேர்தலில் அமலானது. வேட்பாளர்களில் 30 சதவீதமாவது பெண்கள் வேண்டும், இல்லையென்றால் அரசு நிதியில் பாதி வெட்டு. 2023 முதல் அது 40 சதவீதம். பெண்கள் வருஷக்கணக்கில் கேட்டும் அசையாத தலைவர்கள், பணம் என்றதும் அசைந்தார்கள்! ஆனாலும் 2024இல் ஜெயித்த 174 பேரில் பெண்கள் 44தான், ஏனென்றால் சட்டம் வேட்பாளரைத்தான் எண்ணுகிறது, ஜெயிக்கிற தொகுதியை வாங்கித் தருவதில்லை. உள்ளாட்சிக்கு அது பொருந்தவும் பொருந்தாது. நமக்கோ உள்ளாட்சியில்தான் 50 சதவீதம். சரி, சட்டமன்றம்? குளச்சல் லூர்தம்மாள் சைமன் 1957லேயே காமராஜர் அமைச்சரவையில் இருந்தார். இன்று குமரி மாவட்டத்தில் சீட்டு கேட்டுப் பாருங்கள், 'அடுத்த தடவை பார்ப்போம்' என்பார்கள்.