சோறு சாப்பிட்டுக்கொண்டே எடையைக் குறைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. உயரம் 156 செ.மீ., எடை 76 கிலோ. வங்கியில் நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லை. தைராய்டு பரிசோதனையும் சரியாகவே இருக்கிறது. கூட வேலை பார்க்கும் தோழி, தானியங்களை விலக்கும் பேலியோ உணவுமுறையில் 11 கிலோ குறைத்தார். அதைப் பார்த்து நானும் சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் நிறுத்தினேன். பத்தே நாட்களில் மூன்று கிலோ குறைந்தது. ஆனால் தலைசுற்றல், மலச்சிக்கல், யாரைப் பார்த்தாலும் எரிச்சல். அண்ணன் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தேன். அன்றோடு எல்லாம் போயிற்று. பழைய எடைக்கே வந்துவிட்டேன். என்னிடம் மனக்கட்டுப்பாடே இல்லை என்று வெட்கமாக இருக்கிறது. சோற்றை விடாமல் எடை குறைக்க வழி உண்டா? குக்கர் சோறு வேண்டாம், வடித்துச் சாப்பிடு என்கிறார் மாமியார். இரவில் சப்பாத்தி, இல்லையென்றால் சிறுதானியம் என்கிறார் கணவர். ஆடிப்பெருக்கு வேறு வருகிறது!
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: வழி உண்டு, சகோதரி. முதலில் அந்த மூன்று கிலோவின் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்களை ஏமாற்றியது அதுதான்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜனாகச் சேர்த்துவைக்கிறது. மொத்தம் 400, 500 கிராம் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சோற்றை நிறுத்தியதும் இந்தக் கையிருப்பு செலவாகிறது. தண்ணீரும் சிறுநீரோடு போய்விடுகிறது. பத்து நாளில் நீங்கள் இழந்ததில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான், கொழுப்பு கொஞ்சம். தண்ணீரோடு உப்பும் போவதால் தலைசுற்றலும் வரும். பந்தியில் உட்கார்ந்து எழுந்ததும் போன தண்ணீர் திரும்பிவிட்டது, அவ்வளவே. இதில் மனக்கட்டுப்பாட்டை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

தோழி 11 கிலோ குறைத்ததையும் நான் சந்தேகப்படவில்லை. சோற்றோடு சேர்ந்து பஜ்ஜி, பிஸ்கட், அல்வா, சர்க்கரை போட்ட காபி எல்லாம் ஒரே நாளில் அவர் வாழ்க்கையிலிருந்து விலகியிருக்கும். முட்டையும் இறைச்சியும் வயிற்றை நிறைத்திருக்கும். மொத்தக் கலோரி தானாகக் குறைந்திருக்கும். அதே குறைவை வேறு விதமாகவும் அடையலாம். 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 609 பேர் இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஓர் அணிக்குக் கொழுப்பு குறைவு, மற்றதற்கு மாவுச்சத்து குறைவு. சர்க்கரையையும் மைதா வகைகளையும் குறைத்து, காய்கறியைக் கூட்டச் சொன்னது இரு அணிக்கும் பொது. ஓராண்டு கழித்து முதல் அணி சராசரியாக 5.3 கிலோ, இரண்டாவது அணி 6 கிலோ குறைத்திருந்தது. இந்தச் சிறு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் இரண்டு அணிகளிலுமே ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இருந்த வித்தியாசம் மிகப் பெரியது. சிலர் 20 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். சிலர் எடை கூடியும் போனார்கள். தோழிக்கு ஒத்துப்போனது உங்களுக்கு ஒத்துவராமல் போனதில் வியப்பு எதுவும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1939-இல் அதே அமெரிக்காவில், டியூக் பல்கலைக்கழகத்தின் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், ரத்தக் கொதிப்பும் சிறுநீரக நோயும் முற்றியவர்களுக்கு வெறும் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை மட்டும் கொடுத்துச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். பருமனாக இருந்தவர்கள் அந்தச் சோற்றிலேயே இளைத்தார்கள். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். உப்பும் கொழுப்பும் ஏறக்குறைய இல்லாத, மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே செய்யக்கூடிய கடுமையான பத்தியம் அது. சோறு உடம்பில் பட்டாலே கொழுப்பாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

அதற்காகச் சோற்றுக்கு நற்சான்றிதழ் கொடுக்க நான் வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவது தெரிந்தது. பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசி, அரைத்த கோதுமை, சர்க்கரை. இது அதிகம்தான். நம் மதியச் சாப்பாடு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். சாம்பாருக்கு ஒரு முறை சோறு, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. நடுவில், சாம்பார் மிஞ்சியிருக்கிறதே என்று ஒரு கரண்டிச் சோறு. சோறு மிஞ்சிவிட்டதே என்று கொஞ்சம் ரசம். கடைசியில் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் அம்மா சாப்பிடுவாள். இத்தனைக்கும் துணையாகப் பொரியல் ஒரு கரண்டி, ஊறுகாய்க்குக் கொஞ்சம் பெரிய பங்காளி மாதிரி ஓரத்தில் கிடக்கும். மூன்று வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டுவிட்டு, 'ஒரு வேளைதான் சோறு சாப்பிடுகிறேன்' என்கிறோம்.

ஆகவே முதல் வேலை அளவு. 75 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 200 கிராம் சோறு வரும். அதில் சுமார் 260 கலோரி. உங்கள் மதியச் சாப்பாட்டுக்கு இது போதும். எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் உலை வைக்கும் வீட்டில் உங்கள் அரிசியை மட்டும் தனியாக அளக்க முடியாது என்பது தெரியும். அதனால் ஒரே ஒரு நாள் தராசில் 200 கிராம் சோற்றை நிறுத்து, வீட்டிலுள்ள கிண்ணம் ஒன்றில் போட்டு, எதுவரை வருகிறது என்று பார்த்துவையுங்கள். பிறகு தராசு வேண்டாம், அந்தக் கிண்ணம் போதும். அமுக்கி நிரப்பக் கூடாது! சோறு முழுவதையும் முதலிலேயே தட்டில் வைத்துவிடுங்கள். பாதியைச் சாம்பாருக்கு, மீதியை ரசத்துக்கும் மோருக்குமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு டப்பா கட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் இந்தத் தொல்லையும் இல்லை. மறுசோறு கேட்க அங்கே குக்கர் கிடையாது.

குறைத்த சோற்றின் இடத்தைக் காலியாக விட்டால் மாலை நான்கு மணிக்குப் பஜ்ஜிக் கடை உங்களைக் கூப்பிடும். எனவே பொரியல் இரண்டு பங்கு, அதோடு பருப்பு போட்ட கூட்டோ, சுண்டலோ, முட்டையோ, குழம்பு மீனோ கட்டாயம். காயையும் பருப்பையும் முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வையுங்கள். பசியின் வேகம் தணிந்திருக்கும். சாப்பாட்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதைக் கேட்டுவிட்டுக் கொள்ளு வேகவைத்த தண்ணீரை மட்டும் குடிக்கிறவர்கள் நிறையப் பேர். கொழுப்பைக் கரைக்கும் மாயம் அந்தத் தண்ணீரில் கிடையாது. 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு. இரண்டும் வயிறு நிறைந்த உணர்வை நீட்டிக்கும். அதனால் வெந்த கொள்ளையே சாப்பிடுங்கள். சுண்டலாக, துவையலாக, எப்படியும். உங்கள் மலச்சிக்கலுக்கும் அது நல்லது.

எண்ணெயைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. யாருமே எழுதுவதில்லை. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. நீங்கள் அளந்து வைத்த சோற்றில் கிட்டத்தட்டப் பாதிக்குச் சமம். தோசைக் கல்லைச் சுற்றி ஊற்றுவதும் உருளைக்கிழங்கு வறுவலில் மினுமினுப்பதும் யார் கணக்கிலும் வருவதில்லை. மாத மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் நான்கு லிட்டர் என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிக்கு மேல், ஏறக்குறைய 270 கலோரி. அதைப் பாதியாக்க முடிந்தால், உங்கள் சோற்றுக் கிண்ணத்தைத் தொடாமலே பெரிய வேலை முடிந்தது. காபி, டீயில் போடும் சர்க்கரையையும் இதே கண்ணோடு பாருங்கள்.

மாமியாருக்கு: வடிக்கும்போது கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போவது உண்மை; பி வகை வைட்டமின்களும் சேர்ந்தே போகும். மிச்ச மாவுச்சத்து எல்லாம் சோற்றில்தான் இருக்கிறது. வடித்த சோறு என்பதற்காக ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் கணக்கு அங்கேயே அடிபட்டுவிடும். உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதையே செய்யுங்கள்.

கணவருக்கு: கோதுமை மாவிலும் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுகிறவர்களுக்கு அதனால் லாபம். தேங்காய் அரைத்த குருமாவில் தோய்த்து நான்கு சாப்பிடுகிறவர்களுக்கு நஷ்டம். சாமை, வரகு, தினையும் அப்படித்தான். நார்ச்சத்து அரிசியைவிட அதிகம், கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. பிடித்தால் சாப்பிடுங்கள், அதே கிண்ணத்தில். இரவில் இரண்டு மூன்று இட்லியும் நிறையக் காய் போட்ட சாம்பாரும் எனக்கு எந்தச் சப்பாத்திக்கும் குறைவாகத் தெரியவில்லை.

இப்படிச் செய்தால் வாரம் அரைக் கிலோ குறைவது நல்ல வேகம். சில வாரம் அதுகூட இருக்காது. மாதவிடாயை ஒட்டி உடம்பில் தண்ணீர் தங்கி முள் மேலேகூட ஏறும், பயப்பட வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் மட்டும் எடை பாருங்கள். மாதம் ஒரு முறை இடுப்புச் சுற்றளவும் எடுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. முதல் இலக்காக நான்கு கிலோ வைத்துக்கொள்ளலாம். நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவர் என்பதால், சாப்பிட்டபின் பத்து நிமிடமாவது நடக்கச் சொல்வேன். தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வாரம் இரண்டு நாள் வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்காதீர்கள். சோறு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகலாம்.

ஆடிப்பெருக்குக்கு என்ன செய்வது? சித்திரான்னம் சாப்பிடுங்கள். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று எல்லாம் இருக்கும். பிடித்த இரண்டைத் தேர்ந்துகொண்டு, அதே கிண்ணத்தின் அளவுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புளிச்சோற்றில் நல்லெண்ணெயும் தேங்காய்ச் சோற்றில் தேங்காயும் தாராளமாக இருக்கும் என்பதால், தயிர்ச்சோறு அந்த இரண்டில் ஒன்றாக இருக்கட்டும். வடையும் அப்பளமும் அன்றைக்கு ஒன்றோடு நிற்கட்டும். மறுநாள் பரிகாரமாகப் பட்டினி கிடக்காதீர்கள். வழக்கம்போல் டப்பா கட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.