சொல் கேளுங்கள்: பிடிவாதக்காரரா, வைராக்கியக்காரரா?

கேள்வி: ஓய்வுபெறும் எங்கள் மீனவர் சங்கச் செயலருக்கு வாழ்த்து மடல் அச்சடிக்கிறோம். 'விடாமுயற்சியோடு உழைத்தவர்' என்று ஒருவர் சொல்கிறார், 'வைராக்கியத்தோடு' என்று இன்னொருவர், 'பிடிவாதத்தோடு' என்று மூன்றாமவர். எதைப் போடலாம்? (தொண்டி வாசகர்)

பதில்: அவர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. இறங்குதளத்துக்கு விளக்குக் கேட்டு மனுக் கொடுத்து, திரும்பி வந்து, மறுபடி கொடுத்து வாங்கினார் என்றால் விடாமுயற்சி. இந்தச் சொல்லுக்கு இரண்டு நிபந்தனை: நாள் பிடித்திருக்க வேண்டும், நடுவில் ஒரு தடவையாவது தோற்றிருக்க வேண்டும். ஒரே நாளில் முடிந்த வேலைக்குப் போட்டால் சொல் வீண்.

வைராக்கியத்துக்கு முயற்சியே தேவையில்லை. 'தம்பி வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று பத்து வருஷம் வைராக்கியமாக இருந்தார்' என்கிறோம். அங்கே அவர் செய்தது ஒன்றுமில்லை, போகாமல் இருந்தார், அவ்வளவுதான். பெரும்பாலும் அதற்கு முன்னால் ஓர் அவமானமோ இழப்போ இருக்கும். வடமொழியில் அதன் பொருள் பற்றின்மை. துறவிகளுக்கு உரிய சொல். தமிழ்ப் பேச்சில் பற்றின்மை கழன்றுபோய் உறுதி மட்டும் தங்கிவிட்டது. பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது 'மயான வைராக்கியம்', 'பிரசவ வைராக்கியம்' போன்றவற்றில்தான். சுடுகாட்டில் 'இவ்வளவுதானா வாழ்க்கை' என்று தோன்றுவது, வீட்டுக்கு வந்து குளித்ததும் போய்விடும். வைராக்கியம் என்று பேர், ஆயுள் அரை நாள்!

பிடிவாதத்துக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். கச்சான் என்னும் மேல்காற்றில் தனியாகப் படகெடுப்பவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல, கரையில் நின்று 'போகாதே' என்று ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் செய்தால் அடம். மாடும் பழைய இஞ்சினும் செய்தால் முரண்டு. தன் பக்கம் தப்பு என்று தெரிந்தும் இறங்கிவராவிட்டால் வீம்பு.

கூட வரும் வினையைக் கவனியுங்கள். அடம், முரண்டு, பிடிவாதம் மூன்றையும் 'பிடிக்கிறோம்'. வைராக்கியத்தை யாரும் பிடிப்பதில்லை, வைராக்கியமாக 'இருக்கிறோம்'. மடலுக்கு விடாமுயற்சியே பொருத்தம். பிடிவாதம் என்று அச்சடித்தால் செயலர் வீட்டார் சிரிப்பார்கள், அவர் சிரிக்க மாட்டார்.

கேள்வி: 'முயற்ச்சி', 'விடாபிடி' என்று எழுதினால் மதிப்பெண் குறைக்கிறார்கள். ஏன்? 'மனத்திடம்', 'மனத்திட்பம்' இரண்டும் ஒன்றா? (மண்டபம் மாணவி)

பதில்: ற் என்ற மெய்க்குப் பின்னால் புள்ளி வைத்த இன்னொரு மெய் வராது. முயல் + சி = முயற்சி; பயில் + சி = பயிற்சி என்பதைப் போல. ஆகவே 'ற்ச்சி' எங்கே வந்தாலும் பிழை. விடாப்பிடி என்பது 'விடாத பிடி'யில் ஈறு, அதாவது கடைசி 'த', கெட்டது. அப்படிக் கெட்டால் அடுத்து வரும் வல்லினம் மிகும், அழியாப்புகழ் மாதிரி. விடாமுயற்சியில் அடுத்து வருவது மகரம் என்பதால் எதுவும் மிகாது. ஆனால் நடுவில் இடம் விடாமல் சேர்த்தே எழுதுங்கள்.

திடம் வடமொழி வழி வந்தது. திட்பம் 'திண்' என்ற தமிழ் அடியில் பிறந்தது. நுண் நுட்பம் ஆனதுபோல. திருக்குறளில் 67ஆம் அதிகாரமே வினைத்திட்பம். 'வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்' என்றுதான் தொடங்குகிறது. தேர்வில் இரண்டையும் ஏற்பார்கள். 'முயற்சித்தான்' என்பதையும் இப்போது பலர் ஏற்கிறார்கள். நமக்கு 'முயன்றான்' இருக்க அது எதற்கு?

கேள்வி: 'மடியின்மை' என்ற அதிகாரத்தை என் மகன் 'மடி இல்லாத வலை' என்று படித்துவிட்டான். திருத்தினேன். ஆனால் சோம்பலுக்கும் வலைக்கும் எப்படி ஒரே சொல்? (பாம்பன் வாசகி)

பதில்: கரையோரப் பிள்ளை அப்படித்தான் படிப்பான்! சோம்பலைச் சொல்லும் மடி வேறு. மடிந்து பைபோல இருக்கும் மடி வேறு. திருக்குறளின் 61ஆம் அதிகாரம் முதல் வகை. கரைவலையின் நடுவில் மீன் சேரும் பை இரண்டாம் வகை. இரட்டைமடி வலை என்பதிலும் அதுவே.

கரைவலையில் இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டம் ஒரே சீராக இழுத்தபடி மெல்ல நெருங்கி வரவேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் வலைவாய் கோணி, மீன் வந்த வழியே போய்விடும். மகனுக்கு இப்படிச் சொல்லுங்கள்: மடிவலை இழுப்பவருக்கு மடி ஆகாது. கூடவே 'பாடு' என்ற சொல்லையும் காட்டுங்கள். பாடுபட்டான் என்றால் உழைப்பு, மீன்பாடு என்றால் கிடைத்தது.

கேள்வி: 'தம் கட்டி' என்பது தமிழா? கட்டுரையில் எழுதலாமா? (கீழக்கரை வாசகர்)

பதில்: தம் என்றால் மூச்சு, பாரசீகச் சொல், உருது வழியாக வந்தது. தம் பிரியாணியில் இருப்பதும் அதே தம்தான். சங்கு குளிப்பவரின் மூச்சடக்கலுக்குப் பொருந்தும். அதனாலேயே குறுகிய காலத்துக்குத்தான் சரிவரும்: 'கடைசி அரை மணி நேரம் தம் கட்டி எழுதினாள்'. ஐந்து வருஷம் யாரும் தம் கட்ட முடியாது. அதற்குத் 'தாக்குப்பிடித்தல்' இருக்கிறது. கட்டுரையில் 'மூச்சைப் பிடித்துக்கொண்டு' என்று எழுதுங்கள்.

கேள்வி: 'தலைவர் ஊர் நன்மைக்குக் கங்கணம் கட்டிக்கொண்டு உழைக்கிறார்' என்று மேடையில் பேசினேன். சிலர் சிரித்தார்கள். (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: பொருள் தப்பில்லை. கங்கணம் என்றால் கையில் கட்டும் காப்பு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை விரதம் காப்பார், ஊர் எல்லை தாண்ட மாட்டார்; அந்த உறுதியிலிருந்து வந்த சொல். ஆனால் இப்போது அதை அதிகமாகக் கேட்பது 'கெடுக்கக் கங்கணம் கட்டிக்கொண்டு திரிகிறான்' என்ற இடத்தில்தான். அடுத்த மேடையில் 'வரிந்துகட்டிக்கொண்டு' என்று மாற்றிவிடாதீர்கள், அதிலும் சண்டை வாடை உண்டு. 'முனைந்து உழைக்கிறார்' போதும்.